பாதியில் நின்ற வரி

எங்கள் சலவைக்கூடத்தில் மிஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினால்கூடக் காதில் விழாது. அதற்காகத்தான் அண்ணி அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, சூடான உருளையில் விட்டு எடுத்து மடிக்க வேண்டும். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் மூலைகளைப் பிடித்து, விலகி நின்று உதறி, பிறகு எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். விலகி நிற்கும்போது நான் பாதி வரியைப் பாடுவேன். நெருங்கி வரும்போது அண்ணி மீதியைப் பாடி முடிப்பாள். வாயை விரிப்பு மறைத்துக்கொள்ளும். குரலை மிஷின் விழுங்கிவிடும்.

அண்ணியின் மதத்தில் மனசுக்குள் வேண்டிக்கொள்வது வேண்டுதலே ஆகாது. வாய்விட்டுப் பாட வேண்டும், அதுவும் இரண்டு பேராக. ஒருவர் தொடங்குவார், மற்றவர் முடிப்பார். தொடங்கிய வரியைக் கேட்டவர் அதை முடிக்காமல் விடக் கூடாது. ஊரில் அவர்களைப் ‘பாதிப்பாட்டு’ என்று கேலி செய்வார்கள். தடைச் சட்டம் வந்த பிறகு அந்தக் கேலிப்பெயரே குற்றத்தின் பெயராகிவிட்டது.

நான் அதில் பிறந்தவள் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் எதையும் கும்பிடாதவர்கள். கட்டிக்கொண்ட மனிதருக்கு எதிர்ப்பாதி பாட ஆள் வேண்டியிருந்தது, கற்றுக்கொண்டேன். அவருக்கு டீயில் எவ்வளவு சர்க்கரை என்று கற்றுக்கொண்டதைப் போல. லாரி மோதி அவர் போன பிறகு நான் பாடவில்லை. பாடாமல் இருந்தது எனக்குக் குறையாகவும் படவில்லை. அவர் இல்லாததுதான் குறையாக இருந்தது.

பிறகு அண்ணி வந்தாள். அவருடைய அக்கா. முதல் தடவை பிடிபட்டால் திருத்தகத்தில் போட்டு, இனிப் பாட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுவார்கள். அண்ணி அப்படி ஒருமுறை போய் வந்தவள். அதிலிருந்து அவளுடைய இடது மணிக்கட்டு முழுதாக மடங்காது. இரண்டாம் தடவை போகிறவர்கள் திரும்புவதில்லை. அண்ணியின் கணவர் இரண்டாம் தடவை போனார். அண்ணி வேறு ஒருத்தியின் அடையாள அட்டையோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அட்டை பொய் சொல்லும், விரல் ரேகை சொல்லாது. சந்தேகப்பட்டு ஒரே ஒரு முறை கூட்டிப்போய்க் கையை அழுத்திப் பார்த்தால் போதும், அவள் கதை முடிந்துவிடும். வேலையிடத்தில் அவள் எனக்கு மேல்மாடி வீட்டு அக்கா. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அண்ணி.

அவளுக்கு என் பாட்டின் மேல் பெரிய மரியாதை கிடையாது. “நீ வந்தவ. உன் வாய்தான் பாடுது, நீ பாடல” என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். காய்கறிக்காரரிடம் இது போன வாரத்துக் கத்தரிக்காய் என்று சொல்கிற குரலில் சொல்வாள். நானும் மறுத்ததில்லை. அது உண்மைதானே என்று நினைத்தேன்.

அன்று மதியம் ஒரு டிரையரில் ஏதோ கருகி, கூடம் முழுவதற்கும் மின்சாரம் நின்றுபோனது. எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் அடங்கின. அப்போது நான் முதல் பாதியைப் பாடி முடித்திருந்தேன். எங்களுக்குள் ஒப்பந்தம் இருந்தது. சத்தம் நின்றால் அந்த நொடியே வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் மூடிக்கொண்டேன். அண்ணி கையில் மூலைகளைப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்துகொண்டே இருந்தாள். “விளைந்த என்னை அவன் அறிவான்” என்று முழுக் குரலில், கடைசிச் சுரம்வரை இழுத்து, பாடி முடித்தாள்.

தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து சூப்பர்வைசர், “யாரும்மா அது? கரண்ட் போனதும் கச்சேரி ஆரம்பிச்சிட்டீங்க?” என்றார். சட்டைக்கு அவர் போடுகிற கஞ்சியால் அவருக்குக் கஞ்சி என்றே பெயர். சட்டை அவருக்கு முன்னால் நடந்து வரும், அவர் பின்னால் வருவார் என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தாள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். வேண்டுமென்றே செய்யவில்லை என்றாள். தும்மல் வந்தால் அடக்க முடியுமா என்று கேட்டாள். பிறகு, தும்மல்கூட இல்லை, குழந்தை கட்டிலிலிருந்து விழுகிறதைப் பார்த்தால் கை தானாக நீளுமே, அந்த மாதிரி என்றாள்.

அடுத்த சில நாட்களில் சேதி வந்தது. உருளையில் விரிப்பு விடுகிற ஒல்லிப் பெண் ஒருத்தி, எல்லாருக்கும் குண்டூசி, அவள்தான் சொன்னாள். பக்கத்துத் தெருவில் பழங்களை டப்பாவில் அடைக்கிற கம்பெனிக்குத் தடைச் சட்டத் துறையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்களாம். ஒருவரையும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. போனில் பாதிப்பாட்டைப் போட்டு நடுவில் நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்தார்களாம். மூன்று பேர் உதடு அசைந்ததாம். “அவங்களால முடியாதாம்க்கா. அரிப்பு மாதிரியாம்” என்று சொல்லிவிட்டுக் குண்டூசி அடுத்த விரிப்பை உருளைக்குள் தள்ளினாள்.

வேலையை விட்டுப் போய்விடலாம் என்றேன். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. அவள் சொன்னதுதான் சரி. யார் திடீரென்று வேலைக்கு வரவில்லையோ அவள் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். இருக்க வேண்டும், சோதனை வந்தால் தாங்க வேண்டும்.

அதனால் நான் அவளைப் பழக்க ஆரம்பித்தேன்.

இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது. அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, பால்காரர் வரவில்லை என்று சொல்கிற மாதிரி, முதல் பாதியைப் பாடிவிட்டு நிறுத்துவேன். கத்தி நிற்பதற்குள் மீதி அவள் வாயிலிருந்து வந்துவிடும். வந்த பிறகு தலையில் அடித்துக்கொள்வாள். மறுபடி நான் துணி காயப்போடும்போது, அவள் பல் தேய்க்கும்போது. ஒருநாள் வாய் நிறைய நுரையோடு முடித்துவிட்டு என்னை முறைத்தாள். “உனக்கு நல்லாப் பொழுது போகுதுடி.”

“நாக்கைக் கடிச்சுக்குங்க அண்ணி.”

“கடிச்சா நாக்குதான் நிக்கும். பாட்டு எங்க போகும்? நீ பாதியில விட்டுட்டுப் போயிடற. அது எங்க போய் நிக்கும், சொல்லு.”

அது ஒரு கேள்வி என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை.

மெதுவாகப் பழகினாள். முதலில் உதடு நின்றது. ஆனால் தொண்டையில் ஏதோ உருளும், எச்சில் விழுங்குவாள். அதையும் நிறுத்தச் சொன்னேன். பிறகு கண். முதல் பாதி முடிந்ததும் அவள் கண் என் முகத்துக்கு வரும், சாப்பாடு நடுவில் பறிபோன குழந்தையின் கண் மாதிரி. ஏதாவது ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றேன். விரிப்பின் ஓரத் தையலைப் பார்ப்பதாகச் சொன்னாள். பாதிகள் நிற்க நிற்க அவளுக்குத் தலைவலி வந்தது. ஒருநாள் காலையில் குடித்த டீயை வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். இந்தப் பெண்ணிடம் திருத்தகத்தில் எவ்வளவோ செய்து பார்த்தும் நிறுத்த முடியாததை நான் என் சமையலறையில் நிறுத்திக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அவளைக் காப்பாற்றத்தான். அவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

கடைசியில் அண்ணி கல்லானாள். நான் பாதியை விட்டால் ஒரு தசைகூட அசையாது. நல்லா வந்துட்டீங்க என்றேன். அந்த வாரம் முழுக்கவே அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை.

அண்ணியிடம் நான் சொல்லாதது ஒன்று இருந்தது. அவள் முடிக்காமல் விட்ட பாதிகள் என் மேல் வந்து விழ ஆரம்பித்திருந்தன. படியிறங்கும்போது, குழாயடியில் வாளி நிரம்பும்போது, நான் தொடங்கி நான் விட்ட ஒரு வரி எனக்குள் ஒற்றைக்காலில் நிற்கும். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு மீதியை முணுமுணுத்து முடித்தேன். முடித்ததும் மார்பிலிருந்து ஏதோ இறங்கியது. இது பழக்கதோஷம், சினிமாப் பாட்டு நாக்கில் ஒட்டிக்கொள்வதைப் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடன் வாழ்ந்த காலத்தில் ஒருமுறைகூட அப்படி ஒட்டிக்கொண்டதில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

துறையிலிருந்து வந்தவள் ஒரு சின்னப் பெண். முப்பது இருக்கும். தோளில் துணிப்பை, கையில் தண்ணீர் பாட்டில். வேலையைக் கெடுக்கிறேன், மன்னிக்கணும் என்று ஆரம்பித்தாள். கஞ்சி ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். அவள் வேண்டாம் என்று, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடையின் மேல் உட்கார்ந்தாள். மிஷின்களை நிறுத்தச் சொன்னாள். மற்றபடி நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள், ஜோடி ஜோடியாக வந்து என் முன்னால் ஒரு விரிப்பை மடித்துவிட்டுப் போங்கள், அவ்வளவுதான் என்றாள்.

முதலில் குண்டூசியும் இன்னொருத்தியும் போனார்கள். அதிகாரி போனைத் தட்டினாள். யாரோ ஒரு கிழவரின் குரல், பழைய பதிவு, கரகரத்தது. “விதைத்தவன் கையை நான் அறியேன்” என்றது. நின்றது.

நான் சுவரோரம் வரிசையில் நின்றிருந்தேன். என் பக்கத்தில் அண்ணி. அவள் பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது.

குண்டூசி போனை எட்டிப் பார்த்தாள். “என்ன மேடம், சார்ஜ் போயிடுச்சா?” என்றாள்.

அதிகாரி சிரித்தாள். போகச் சொன்னாள். அடுத்த ஜோடியில் ஒருத்தி, இதுதான் அந்தப் பாட்டா, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டாள். அவளுடன் இருந்தவளுக்குப் பாட்டு நின்றதே தெரியவில்லை, விரிப்பில் ஒரு கறை போகவில்லை என்று கஞ்சியிடம் காட்டிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த ஜோடியில் ஒருத்தி பயத்தில் விரிப்பைக் கீழே போட்டாள். அதிகாரி அவளையும் போகச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாட்டு நின்றதும் எல்லோரும் எதையாவது செய்தார்கள். பார்த்தார்கள், கேட்டார்கள், மூக்கைச் சொறிந்தார்கள், பயந்தார்கள். அவர்களுக்கு அது ஒன்றுமில்லை, அதனால் எதை வேண்டுமானாலும் செய்யலாம். அவர்களில் ஒருத்திகூடக் கல்லாக நிற்கவில்லை. நானோ ஒரு வாரம் உட்கார்ந்து அண்ணியைக் கல்லாக்கி வைத்திருக்கிறேன். உதடு அசையாமல், தொண்டை அசையாமல், கண் தையலை விட்டு நகராமல். இவ்வளவு கஷ்டப்பட்டு அசையாமல் நிற்க, முடிக்க வேண்டிய பாட்டு ஒன்று உள்ளே இருப்பவளால்தான் முடியும்.

அவளிடம் சொல்ல வழியில்லை. அடுத்த ஜோடி நாங்கள்தான்.

விரிப்பை எடுத்தோம். அண்ணி இரண்டு மூலைகளைப் பிடித்தாள், மடங்காத கையில் மூன்று விரலால் இடுக்கிக்கொண்டு. நான் இரண்டைப் பிடித்தேன். விலகி நின்றோம். உதறினோம். அதிகாரி போனைத் தட்டினாள்.

“விதைத்தவன் கையை நான் அறியேன்”

நின்றது.

அண்ணி நின்றாள். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே. தையலில் கண். தாடை இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. மூச்சுக்கூடத் தெரியவில்லை. சூடான உருளை ஆறும் சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். குண்டூசி மாதிரி ஏதாவது கேட்க வேண்டும், இரும வேண்டும். அதிகாரி தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் திறந்திருந்தாள். குடிக்காமல் மூடியை மறுபடி போட்டாள். கூடையின் மேல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் பார்வை அண்ணியின் முகத்தில் போய் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை.

“விளைந்த என்னை அவன் அறிவான்.”

பாடியது நான்தான்.

அதைப் பற்றி நான் எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். அதிகாரியின் கண்ணை அண்ணியிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று நான் முடிவு செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அது அழகாக இருக்கும். அப்படி ஒரு எண்ணம் ஓடியது நிஜம்தான். ஆனால் எண்ணம் வந்து சேர்வதற்குள் வாய் திறந்திருந்தது. கால்களும் நடந்திருந்தன, மூலையோடு மூலை சேர்க்க அண்ணிக்கு எதிரே போய் நின்றிருந்தேன். கடைசிச் சுரத்தை நானும் இழுத்தேன். குளியலறையில் இறங்கியது போலவே மார்பிலிருந்து பாரம் இறங்கியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, தாமதமாக வருகிற விருந்தாளி மாதிரி.

கஞ்சி, “ஐயோ, இந்தம்மாவா?” என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அன்று இருட்டில் கேட்ட பாட்டைப் பற்றித் துறைக்குச் சொன்னது அவர்தானோ என்று அதுவரை சந்தேகப்பட்டிருந்தேன். யார் சொன்னார்கள் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

அதிகாரி எழுந்து வந்தாள். கிட்டத்தில் அவள் களைத்துப்போயிருந்தது தெரிந்தது. யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். என் வீட்டுக்காரரிடம் என்றேன். அவர் எங்கே என்றாள். இல்லை, லாரி மோதிச் செத்துப்போனார் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்.

“இது ரெண்டு பேர் பாடறது ஆச்சே. உங்களுக்கு இன்னொரு பாதி யாரு?”

அண்ணி எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். விரிப்பு இன்னும் எங்கள் நடுவில் இருந்தது. அவள் மூச்சு இப்போது கேட்டது.

“யாரும் இல்லீங்க” என்றேன். “அவர் பாதியையும் நானே பாடிக்குவேன். முதல் பாதியைச் செவுத்தைப் பாத்துச் சொல்லிட்டு, அவர் சொன்னதா நினைச்சுக்கிட்டு, மீதியைப் பாடுவேன்.”

“அப்படிப் பாடக் கூடாதுன்னு இருக்கே.”

“தெரியும். நான் வந்தவதானே. எனக்கு எல்லாம் அரைகுறைதான்.”

சொல்லும்போதே அது பொய்யில்லை என்று தெரிந்தது. குளியலறையில் அந்த வாரம் முழுக்க நான் செய்தது அதுதான். என் முகம் அப்போது எப்படி இருந்ததோ தெரியவில்லை, அதிகாரி நம்பினாள். எத்தனையோ பொய்களைக் கேட்டுப் பழகியவள், இதைக் கேட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆனாலும் அவள் தன் வேலையில் கெட்டிக்காரி. அண்ணியிடம் திரும்பி, நீங்கள் ஏன் அப்படிச் சிலை மாதிரி நின்றீர்கள் என்று கேட்டாள்.

அண்ணிக்குப் பொய் வராது. என் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் யாரிடமும் தானாக ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அட்டை சொன்ன பொய்க்குப் பின்னால் அவள் பேசாமல் நின்றாள், அவ்வளவுதான். என் உள்ளங்கையில் விரிப்பு நனைந்தது.

“பின்ன என்னம்மா பண்றது?” என்றாள் அண்ணி. காய்கறிக்காரரிடம் பேசுகிற அதே குரல். “என் எதிர்ல நிக்கறவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. விழுந்துடப் போறாளோன்னு பாத்துக்கிட்டு நின்னேன்.”

அதிகாரி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். தையலைத்தான் பார்த்தீர்கள், இவரை இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கவனித்திருக்கவில்லையா, இன்றைக்கு ஒருத்தி போதும் என்று நினைத்தாளா, எனக்குத் தெரியாது. கஞ்சியிடம் என் வீட்டு விலாசத்தை எடுத்து வைக்கச் சொன்னாள். இது முதல் தடவைதானே, பயப்பட ஒன்றுமில்லை, எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் வந்துவிடலாம் என்று என்னிடம் சொன்னாள். அண்ணியின் மணிக்கட்டை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

கூட்டிப்போகுமுன் செருப்பு மாட்டிக்கொள்ள விட்டாள். குனிந்து வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது, என் பின்னால் அண்ணி கஞ்சியைக் கூப்பிடுவது கேட்டது.

“சார், எனக்கு ஒரு ஆள் குடுங்க. இதை ஒத்தையில மடிக்க முடியாது.”

குரல் துளியும் நடுங்கவில்லை. கஞ்சி குண்டூசியை அனுப்பினார். நான் நிமிர்ந்தபோது குண்டூசி என் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு விலகிப் போயிருந்தாள். அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. ஊருக்குப் போகிறவளைத் தெருமுனைவரை வந்து அனுப்ப வேண்டியவள், தெரியாதவளை அனுப்புகிற மாதிரி என்னை அனுப்பினாள். எனக்கு அது போதுமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பார்வை வேண்டியிருந்தது. கதவைத் தாண்டும்வரை அதை எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன், அவள் திரும்பிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டும் நடந்தேன். மனசுக்குள்தான் வேண்டினேன், அவள் ஒப்புக்கொள்ளாத விதத்தில்.